டாக்பேக் குரல் ஒலிபரப்புக்குள் நுழையாமல் இருக்க

கேள்வி: எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி நடத்துகிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர், இந்தப் பக்கம் சிறிய மிக்ஸர். நேரலையில் “ஒரு நிமிடம்தான் இருக்கிறது” என்று சொல்லக்கூடக் கையை ஆட்ட வேண்டியிருக்கிறது. மிக்ஸரில் டாக்பேக் வசதி (கண்ட்ரோல் ரூமிலிருந்து அறிவிப்பாளரின் ஹெட்போனில் பேசும் வழி) இல்லை. நாங்களே செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், சால்டரிங் தெரிந்த மாணவர்கள் இருந்தால் போதும். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். கண்ட்ரோல் ரூமில் பேசுவது அறிவிப்பாளரின் ஹெட்போனுக்கு மட்டும் போக வேண்டும். மிக்ஸரில் காலியாக இருக்கும் ஒரு மைக் சேனலில் டாக்பேக் மைக்கைச் செருகிச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். அவசரத்தில் ஒரு பட்டனை மாற்றி அழுத்தினால் “பாட்டைப் போடு” என்ற உங்கள் குரல் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கும். டாக்பேக் மிக்ஸருக்கு வெளியே, தனி வழியாக இருக்கட்டும்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். அறிவிப்பாளருக்கு நிகழ்ச்சி கேட்பதற்காக மிக்ஸரின் ரெக்கார்டிங் அவுட்டிலிருந்து ஒயர் எடுப்பீர்கள். அதோடு டாக்பேக் ஒயரை நேராக முறுக்கி இணைத்துவிட்டால், உங்கள் குரல் அந்த ஒயரிலேயே பின்னோக்கி மிக்ஸருக்குள் போகும். சில மிக்ஸர்களில் ரெக்கார்டிங் அவுட்டும் மெயின் அவுட்டும் உள்ளே ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன. அப்படியானால் அது டிரான்ஸ்மிட்டருக்கும் போய்விடும். ஆகவே இரண்டையும் ஓர் ஆப்-ஆம்ப் (ஐசிக்குள் இருக்கும், சிக்னலைப் பெருக்கவும் கலக்கவும் உதவும் சுற்று) வழியாகக் கலக்குங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், டாக்பேக்குக்கு ஒரு 10 கிலோ ஓம், இரண்டும் ஆப்-ஆம்பின் மைனஸ் முனையில் சேரட்டும். அவுட்புட்டிலிருந்து அதே முனைக்கு இன்னொரு 10 கிலோ ஓம். அந்த முனையில் சிக்னல் மின்னழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யமாகவே நிற்பதால் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் தாண்டாது.

இரண்டு என்இ5532 ஐசி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. ஒன்று மைக்குக்கு, ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு, ஒன்று மிச்சம். டாக்பேக்கை இடது காதுக்கு மட்டும் கொடுங்கள். அப்போது நிகழ்ச்சியும் உங்கள் குரலும் குழம்பாது. அதற்காக வலது பக்கத்தை ஐசி வழியாக விடாமல் நேராக அனுப்பிவிடாதீர்கள். இந்த இணைப்பு ஒலியைத் தலைகீழாக்கும். ஒரு காதில் மட்டும் தலைகீழானால் அறிவிப்பாளருக்குத் தன் குரலே விநோதமாகக் கேட்கும்.

மைக்குக்குச் சாதாரண எலக்ட்ரெட் மைக் போதும். 12 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக மின்சாரம், மைக் சிக்னலைப் பிளஸ் முனையில் வாங்கும் ஆப்-ஆம்புக்கு 100 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டால் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கம். ஒற்றை 12 வோல்ட் அடாப்டர்தான் என்பதால் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பாதி வோல்ட்டேஜ் உண்டாக்கி, அங்கே ஒரு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். சிக்னல் நுழையும், வெளியேறும் இடங்களிலெல்லாம் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வேண்டும். 1 கிலோ ஓமைத் தரையோடு சேர்க்கும் இடத்திலும் ஒன்று.

பட்டன் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் வேலை செய்கிற வகையாக இருக்கட்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை ஆபத்து. பட்டனை நேராக மைக்கில் வைத்தால் ஹெட்போனில் ‘டப்’ என்று அடிக்கும். பெருக்கிய பிறகு, வால்யூம் கன்ட்ரோலைத் தாண்டி ஒரு 1 கிலோ ஓம், அதன் முடிவில் பட்டன். அழுத்தாதபோது சிக்னலைத் தரையோடு சேர்த்துவிட வேண்டும், அழுத்தினால் விட வேண்டும். அதே புள்ளியில் இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிராகத் தரைக்கு இணையுங்கள். யாராவது மைக்கில் கத்தினாலும் ஒலி ஓர் அளவுக்கு மேல் போகாது. அறிவிப்பாளரின் காது முக்கியம், இதைத் தவிர்க்காதீர்கள்.

ஐசியின் அவுட்புட்டை நேராக ஹெட்போனில் மாட்டாதீர்கள். 32 ஓம் ஹெட்போனை ஓட்டும் தெம்பு அதற்குக் கிடையாது. கடையில் விற்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நடுவில் வையுங்கள். அறைகளுக்கிடையே ஷீல்டு ஒயர்தான். அப்புறமும் ‘ஹம்’ என்று இரைந்தால் நடுவில் 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடலாம். வயர்லெஸ் வேண்டாம். புளூடூத்தில் தாமதம் வரும், வாக்கிடாக்கி ஆடியோ ஒயர்களில் இரைச்சலைக் கிளப்பும்.

அறிவிப்பாளர் பதில் சொல்ல இன்னொரு பெட்டி தேவையா? பெரும்பாலும் இல்லை. மிக்ஸரில் பிஎஃப்எல் பட்டன் (ஃபேடருக்கு முன்பே ஒலியைக் கேட்க உதவுவது) இருந்தால், பாட்டு ஓடும்போது அவருடைய ஃபேடர், அதாவது ஒலி அளவை மாற்றும் தள்ளுகட்டை, கீழே இருந்தாலும் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும். உங்கள் கவனத்தைத் திருப்ப, அவர் மேசையில் ஒரு பட்டன், உங்கள் பக்கம் ஒரு எல்இடி விளக்கு, அவ்வளவுதான்.

நேரலைக்குப் போகுமுன் ஒரு சோதனை. அறிவிப்பாளரின் மைக்கைத் திறந்து வைத்து, மெயின் அவுட்டைப் பதிவு செய்தபடி டாக்பேக்கில் சத்தமாகப் பேசுங்கள். பதிவை முழு வால்யூமில் கேளுங்கள். உங்கள் குரல் லேசாகக் கேட்டால் மைக்கை மூடிவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். இப்போது மறைந்துவிட்டால் ஹெட்போனிலிருந்து மைக்குக்குக் கசிகிறது, காதை முழுக்க மூடும் ஹெட்போனுக்கு மாறுங்கள். மறையாவிட்டால் ஒயரிங்கில் எங்கோ ஆப்-ஆம்பைத் தாண்டி ஓர் இணைப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை பெட்டியை மிக்ஸரோடு இணைக்காதீர்கள்.