பழைய வீட்டில் பால் காய்ச்சியாச்சு, சமையலறையை உடனே இடிக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் சுமார் 70 வருஷப் பழைய வீடு ஒன்றை வாங்கி, ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். முன்கட்டு சீமை ஓடு, நடுவில் சின்ன முற்றம், பின்கட்டில் மெட்ராஸ் டெரஸ் போட்ட சமையலறை. கடன், பத்திரச் செலவெல்லாம் போகக் கையில் இருப்பது 4 லட்சம். "அடுப்படியை மொத்தமாக இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம், இரண்டே மாசம்" என்கிறார் மேஸ்திரி. மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகும் நாங்கள் இருவர். அத்தனை நாள் வெளிச் சாப்பாடு கட்டுப்படியாகாது. வந்த நாளிலிருந்து பருப்பு வேறு வேகவே மாட்டேன் என்கிறது. எதை முதலில் செய்வது, அதுவரை எங்கே சமைப்பது?

பதில்: இப்போதைக்கு இடிக்காதீர்கள். பழுதுபார்க்கும் சில வாரம் தவிர, மழைக்காலம் முடிந்து தை பிறக்கும்வரை அந்தச் சமையலறையிலேயே சமைத்துப் பாருங்கள். எரியக்கூடியது, ஒழுகக்கூடியது, இடிந்து விழக்கூடியது ஆகிய மூன்றை மட்டும் இப்போது சரிசெய்தால் போதும். அழகு தைக்குக் காத்திருக்கட்டும்.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் எனக்குத் தொழில். ஆனாலும் சொந்த வீட்டில் நான் செய்தது இதற்கு நேர்மாறு. வாங்கிய மாசமே அடுப்படியை இடித்து, ஊரெல்லாம் போடுகிற கணக்கில் 34 அங்குல உயரத்தில் மேடை கட்டினேன். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. நான்கு வருஷம் மணைப்பலகை மேல் ஏறி நின்றுதான் அவர் சாம்பார் கொதிக்கவைத்தார். ஒரே ஒரு மாசம் பழைய அடுப்படியில் அவர் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அந்த மேடை மூன்று அங்குலம் இறங்கியிருக்கும்.

சரி, கூரையிலிருந்து தொடங்குவோம். புரட்டாசி ஒரு மாசம்தான் உங்களுக்கு இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கும் மேலே செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டையான ஓடுகளை (தட்டோடு) பதித்து முடிக்கிற கூரை. நன்றாகக் கட்டியது நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். அதன் பலவீனம் உத்திரம் சுவருக்குள் நுழையும் நுனி. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு நுனியிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். டங்கென்று கேட்டால் நல்ல மரம். பொதக்கென்று உள்ளே இறங்கினால் கரையானோ உளுப்போ இருக்கிறது. அந்த உத்திரத்துக்கு அடியில் உடனே முட்டுக் கொடுத்துவிட்டு ஒரு பொறியாளரை அழையுங்கள். ஒழுகல் இருந்தால் மேலே உடைந்த தட்டோட்டை மாற்றிச் சந்துகளைப் பூசினாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஒழுகலுக்குத் தீர்வு என்று மொட்டைமாடியில் இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாரம் முழுவதும் கிழட்டு உத்திரங்கள் மேல்தான் ஏறும். முன்கட்டில் உடைந்த ஓடுகளை மாற்ற ஒருநாள் கூலி போதும். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏதாவது இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

அடுத்தது மின்சாரம். வாங்கிய வீட்டில் எல்லாரும் முதல் வேலையாக ஒரு இண்டக்ஷன் அடுப்பைக் கொண்டுவந்து கிடைத்த பிளக்கில் செருகுகிறார்கள். 2000 வாட் இண்டக்ஷன் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். பழைய அடுப்படியில் இருப்பது மிக்ஸிக்கும் விளக்குக்கும் போட்ட 5 ஆம்பியர் பிளக், அதன் பின்னால் மெல்லிய கம்பி. போன வருஷம் ஒரு வீட்டில் மெயின் போர்டைத் திறந்தோம். பீங்கான் ஃப்யூஸில் மெல்லிய ஃப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தடிமனில் தாமிரக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்கள். அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்று யாரோ கண்டுபிடித்த வைத்தியம். அந்த வீட்டில் இனி ஃப்யூஸ் போகவே போகாது, சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும்.

அதனால் வீடு முழுக்க வயரிங் மாற்றப் பணம் இல்லாவிட்டாலும், மெயின் போர்டிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் இரண்டு போடுங்கள். எர்த் குழி இருக்கிறதா, கம்பி அதுவரை போகிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். மின்கசிவு என்றால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மாட்டுங்கள். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிற வீட்டில் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இத்தனையும் செய்த பிறகும் இண்டக்ஷனும் 2000 வாட் கீசரும் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் 4000 வாட், 16 ஆம்பியர் தாங்குவது 3680 வாட்தான்.

இந்த இரண்டு வேலையும் நடக்கும் மூன்று நான்கு வாரம் எங்கே சமைப்பது? முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில். இரண்டு பக்கமும் செங்கல்லை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும்வரை அடுக்கி, அடுப்படி அலமாரியிலிருந்து கழற்றிய கடப்பா பலகை ஒன்றை மேலே போட்டால் மேடை தயார். மரக்கதவைக் கழற்றிப் போட்டுச் சிலர் சமைக்கிறார்கள், தீக்குப் பக்கத்தில் அது வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சம்ப் மூடி, சாக்கடைத் துவாரம் இவற்றின் பக்கத்தில் சிலிண்டரை வைக்காதீர்கள். வீடு மாறியதோடு ரப்பர் குழாயையும் மாற்றிவிடுங்கள். அதன் ஆயுள் 5 வருஷம், தயாரித்த தேதி குழாயிலேயே அச்சாகியிருக்கும். மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பாருங்கள். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906, எந்த நேரமும் எடுப்பார்கள்.

தாழ்வாரத்தில் உண்மையான தொல்லை காற்று. சிம்மில் வைத்த தீ அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வையுங்கள். பாலை வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

சமையலையும் வேலையாட்களின் நேரத்துக்குத் தக்க மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மேஸ்திரி வந்து முதல் உளி அடிக்கிற நேரம் காலை ஒன்பது. அதற்குள் சமையல் முடிந்து, பாத்திரங்கள் மூடி, அறைக்குள் போயிருக்க வேண்டும். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒரே ஏற்றில் இறக்குவது இந்த நாட்களுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கும். இட்லி நல்லது, மூடியே வேகும், தூசு விழாது. தோசை வேண்டாம், சுற்றிலும் சுண்ணாம்புத் தூசு பறக்கையில் திறந்த கல்லில் நின்று வார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வராத நாளில் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி செய்து கண்ணாடி பாட்டிலில் வைத்துக்கொண்டால் வார நாட்களில் சாதமும் அப்பளமும் போதும். மாமியாரிடம் இந்தத் துறையை ஒப்படைத்துவிடலாம், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கிரைண்டர் 150 வாட்தான், முன்கட்டு அறையில் வைத்து அரையுங்கள். கொத்தனார் கரண்டி கழுவும் இடத்தில் பாத்திரம் கழுவ வேண்டாம். சிமெண்டும் சுண்ணாம்பும் கையை அரிக்கும், பாத்திரத்திலும் ஒட்டும்.

கதவு ஜன்னல்களில் பழைய பெயிண்டைச் சுரண்டும் நாளில் மட்டும் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டாய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் என்று பார்த்தால் தெரியாது. நனைத்துச் சுரண்டி, விழுவதைத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். பெருக்கினால் தூசு எழும்பும்.

இப்போது பருப்பு. இது சமையல் பிரச்சினை மாதிரித் தெரியும், எனக்கு இது பிளம்பிங் பிரச்சினை. ஒரே பருப்பை இரண்டு கிண்ணத்தில் போட்டு, ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஒரே குக்கரில் வைத்து ஒரே அளவு விசில் விடுங்கள். குழாய்த் தண்ணீர்க் கிண்ணம் குழைந்து, போர் தண்ணீர்க் கிண்ணத்தில் பருப்பு முழுசாகக் கிடந்தால் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவர்களிலுள்ள பெக்டின் என்ற பசை போன்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன, அதனால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு கரையாது. இரண்டு கிண்ணமும் வேகவில்லை என்றால் பருப்புதான் பழசு, கடையை மாற்றுங்கள்.

குழாய்த் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள். பருப்பு மசிந்த பிறகுதான் புளியும் தக்காளியும். புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகும், உண்மைதான். ஆனால் பி1 வைட்டமின் போய்விடும், பருப்பும் கொழகொழவென்று ஆகும். தினமும் வேண்டாம்.

பிளம்பிங் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. இதே போர் தண்ணீர்தான் கீசர் ராடில் வெள்ளையாகப் படியப்போகிறது, குழாயின் வாயை அடைக்கப்போகிறது. மாநகராட்சித் தண்ணீருக்கென்று மாடியில் ஒரு சின்ன டேங்க், அதிலிருந்து சமையலறை சிங்க்குக்கு மட்டும் அரை அங்குலக் குழாய் ஒன்று தனியாக இறக்கச் சொல்லுங்கள். சுவர் வெறுமனே இருக்கும் இப்போது அது அரைநாள் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால் டைல்ஸ் காசும் சேரும்.

மாடுலர் கிச்சனை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், உங்கள் சுவர் ஓதம் அடிக்கிறதா என்று எனக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் துளித்துளியாக நின்றால் சுவரிலிருந்து ஈரம் வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது சமையல் ஆவி, காற்றோட்டம் போதவில்லை. இதை இப்போது ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் செய்யுங்கள். ஓதச் சுவரில் மரத்தூள் பலகைப் பெட்டி மாட்டினால் அடுத்த மழைக்குள் ஊதிவிடும், கரையான் வந்தாலும் வெளியே தெரியாது. அந்தச் சுவரைச் சிமெண்ட் பூசி அடைக்கவும் வேண்டாம். சுண்ணாம்பில் கட்டிய சுவர் மூச்சு விடும். சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், பூச்சு கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உதிரும். பொரிந்த பூச்சைத் தட்டிவிட்டு, காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள்.

ஐப்பசியில் அடுப்பு பழைய சமையலறைக்குள் திரும்பிவிடும். அன்றைக்கு ஜன்னல் பக்கம் ஒரு நோட்டையும் பென்சிலையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சமைக்கும்போது யார் முணுமுணுத்தாலும் அதை அப்படியே எழுத வேண்டும். "நாலு மணி வெயில் பால் பாத்திரத்தில் விழுகிறது." "தாளிக்கும்போது புகை கூடத்துக்குப் போகிறது." "அரிசி டப்பாவுக்குக் குனிய வேண்டியிருக்கிறது." மூன்று மாசம் கழித்து அந்த நோட்டை மேஸ்திரியிடம் கொடுத்தால் வரைபடம் பாதி முடிந்த மாதிரி. மேடை உயரத்துக்கு, அதிகம் சமைப்பவரை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே கோடு போடுங்கள். நீங்களும் மாமியாரும் உயரத்தில் ரொம்ப வித்தியாசம் என்றால் அடுப்புக்கு ஒரு மட்டம், காய் நறுக்க ஒரு மட்டம் என்று இரண்டாகக் கட்டலாம்.

கல் வாங்கப் போகும்போது எலுமிச்சம்பழம் ஒன்று எடுத்துப்போங்கள். கடப்பா சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் அரிக்கும். ஒரு துளி பிழிந்து பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தால் பளபளப்பு போய் மங்கிய வட்டம் தெரியும். கிரானைட்டில் தெரியாது. கறுப்பாக இருப்பதையெல்லாம் கிரானைட் என்று விற்பவர்கள் உண்டு. கடப்பாவை ஒதுக்கச் சொல்லவில்லை, அலமாரித் தட்டுக்கு அதுதான் சிக்கனம், புளிக்கரைசல் கொட்டுகிற மேடைக்குத்தான் ஆகாது. தரை சிவப்புக் காவியாக இருந்தால் தயவுசெய்து அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துணியால் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள், அப்புறம் நீங்களே மனசு மாறுவீர்கள்.

பழைய விறகடுப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தால் அதையும் மேஸ்திரி இடிக்கச் சொல்வார். வைத்திருங்கள். பின்னால் எலக்ட்ரிக் சிம்னி வாங்கினால் அதன் குழாயை இதன் வழியாகவே மேலே கொண்டுபோகலாம், சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. இப்போதைக்குப் பகலில் அடியில் நின்று நிமிர்ந்து பாருங்கள். வானம் தெரிந்தால் வழி சுத்தம், உச்சியில் ஒரு கம்பி வலை கட்டிவிடுங்கள். இருட்டாக இருந்தால் புறாக்கூடு இருக்கலாம். குச்சியால் கிளறும் முன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கீழே ஒரு பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.