ஊசிக்கு அடங்காத மடிநோயும் பாலாற்றுத் தண்ணீரும்

கேள்வி: ஐயா, வேலூரை அடுத்த பெருமுகையில் பாலாற்றங்கரையில் எனக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஆறு கலப்பினக் கறவை மாடுகளும் உள்ளன. கார்த்திகை மழைக்குப் பிறகு ஆற்றுப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்பதால், மாடுகளுக்கு அங்கேயே தண்ணீர் காட்டி, கழுவி ஓட்டி வருகிறோம். அதே தண்ணீரை என்ஜின் வைத்து இறைத்துக் கீரைக்கும் பாய்ச்சுகிறேன். இரண்டு மாதத்தில் மூன்று மாடுகளுக்கு மடிநோய் வந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டுச் செஃப்ட்ரையாக்சோன் ஊசி மூன்று நாள் போட்டு, காம்பில் மருந்து டியூபும் ஏற்றினோம். வீக்கம் வற்றியது, பத்து நாளில் திரும்பி வந்தது. ஊசி போட்ட மாட்டின் பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் உறையவில்லை. அந்தப் பாலைக் கன்றுகளுக்கு விட்டு, மீந்ததை வாய்க்காலில் ஊற்றினோம். ஒரு கன்றுக்குக் கழிச்சல் நிற்கவில்லை. ஆற்றில் மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் ஊசி கேட்கவில்லையா? இதைவிட வீரியமான ஊசி எது?

பதில்: வீரியமான ஊசியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக் காலையில் அது உங்கள் கடைக்காரரின் கையில் இருக்கும்; மாலையில் மாட்டின் உடம்பில் இறங்கியிருக்கும்; எந்தக் கிருமியைக் கொல்வதற்காக இறங்கியது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் போட்ட செஃப்ட்ரையாக்சோனே எளிய மருந்தன்று. மனிதர்களுக்கு டைபாய்டும் மூளைக்காய்ச்சலும் முற்றிய நிலையில் மருத்துவமனையில் ஏற்றப்படுவது அது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்கு விற்றவர் எந்த மருத்துவரின் பெயரை எழுதினார் என்று அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கேட்டுப் பாருங்கள். மாட்டைப் பார்க்காமல், மடியைத் தொடாமல், கல்லாவில் உட்கார்ந்தபடியே மருந்து சொல்கிறவரை நம் பக்கத்தில் மரியாதையாக ‘டாக்டர்’ என்று அழைத்துப் பழகிவிட்டோம்.

ஊசி கேட்காததற்கு ஆற்றுக் கிருமிதான் காரணமா என்றால், இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித் திசுவுக்குள் ஆழமாகப் புகுந்து தன்னைச் சுற்றி வேலி கட்டிக்கொள்ளும். மருந்துக்கு அடங்கும் வகையாகவே இருந்தாலும் மருந்து அதை எட்டாது. வீக்கம் வற்றுவதும் திரும்பி வருவதும் அதன் சுபாவம். வற்றியதைக் கண்டு மூன்றாம் நாளே நிறுத்தினீர்களா, மருத்துவர் சொல்லும் முழு நாளும் போட்டீர்களா என்பது இரண்டாவது. மூன்றாவது, டியூப். பேரணாம்பட்டுப் பக்கம் நான் பணியில் இருந்தபோது, ஒரு காம்புக்கு உரிய டியூபை நான்கு காம்புகளுக்கும் பங்கிட்டு ஏற்றி, அதன் முனை வழியாகவே பூஞ்சையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருந்த ஒரு பண்ணையைப் பார்த்தேன். பூஞ்சையால் வந்த மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) கொடுத்தால் நோய் வளருமே தவிரக் குறையாது. இவற்றுள் உங்கள் மாட்டுக்கு எது என்பதைப் பால் மாதிரி ஒன்றுதான் சொல்லும்.

ஆற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பொய்யன்று. மனிதருக்கோ மாட்டுக்கோ கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி உடம்புக்குள்ளேயே முழுவதும் செலவாகிவிடுவதில்லை. டெட்ராசைக்ளின் வகையில் பாதிக்கும் மேல் உருமாறாமலே சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறுகிறது. வீடு, மருத்துவமனை, கறிக்கடை, கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டகை ஆகியவற்றின் கழிவு சாக்கடை வழியாக ஆற்றுக்கு வரும்போது, மருந்தின் மிச்சமும் அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமியும் சேர்ந்தே வருகின்றன. முழுவதும் கொல்வதற்குப் போதாத அந்தச் சிறு அளவுதான் வினையாகிறது. தாங்காத கிருமி குறைய, தாங்கும் கிருமி அந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. தாங்கும் திறனுக்கான மரபணுத் துணுக்கை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடுகிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிடும் நிலையத்தின் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சிகிச்சையில் இருக்கும் நோயாளியின் இரத்தத்தில் உள்ள அளவைவிட அது அதிகம்.

பாலாற்றை அதோடு சமமாக வைத்து நான் பேசவில்லை. நம் ஆற்றின் சுமை வேறு வகையானது. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கழிவின் குரோமியத்துக்கும் மடிநோய் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே துணுக்கில் அமைந்திருப்பதுண்டு. ஒன்றுக்காகப் பிழைத்த கிருமி மற்றதையும் தாங்கிவிடும். முன்பெல்லாம் ஊற்றுக்கால் வெட்டினால் ஆளுயர மணலில் வடிந்த தண்ணீர் கிடைத்தது. மணல் நல்ல வடிகட்டி, கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மணலை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் மாட்டை இறக்குகிறோம். வேலூர் நகரத்துச் சாக்கடைக்குக் கீழ்மடையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இன்று முதல் ஆற்றுப் பள்ளத்தில் மாட்டை இறக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கக் காட்டுங்கள். மடியையும் அதே நீரால் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே கறக்க வேண்டும். கறந்ததும் காம்பை போவிடோன் அயோடின் கரைசலில் நனைத்து, தீவனம் போட்டு அரைமணி நேரம் மாட்டைப் படுக்கவிடாமல் நிறுத்துங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தயிர் உறையாத பால் என்பது, உறையில் இருந்த நல்ல கிருமியைக் கொல்லும் அளவுக்கு மருந்து பாலில் இருந்தது என்பதற்கு உங்கள் வீட்டுப் பாத்திரமே கொடுத்த சான்றிதழ். அதைக் கன்றுக்கு விட்டீர்கள். கன்றின் குடலில் இப்போதுதான் குடியேறிக்கொண்டிருந்த நல்ல கிருமிகள் அழிந்து, மருந்தைத் தாங்குபவை மட்டும் தங்கியிருக்கும். கழிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கக் கூடும். மீந்ததை வாய்க்காலில் ஊற்றினீர்கள். வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊசி போட்ட நாட்களில் மாடு போட்ட சாணத்தையும் கோமியத்தையும் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கொட்டகையைக் கழுவிய தண்ணீரும் அதே வாய்க்காலில்தான் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆற்றிலிருந்து கொட்டகைக்கு என்ன வருகிறது என்று கேட்டீர்கள். கொட்டகையிலிருந்து ஆற்றுக்கு என்ன போகிறது என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு என்னிடம் உள்ள மருந்து எருக்குழி. எதைக் கேட்டாலும் எருக்குழியில் கொண்டுவந்து முடிக்கிறேன் என்று என்னுடன் பணியாற்றியவர்கள் கேலி செய்வதுண்டு, செய்யட்டும். ஒரு கறவை மாடு நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணம் போடும். ஆறு மாட்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் ஆகிறது. அதைக் கொட்டகைக்குப் பின்னால் பரப்பிப் போட்டால் மழை அடித்துக்கொண்டு போகும். குழியில் வைக்கோலோடும் குப்பையோடும் சேர்த்து மூடினால் அதே சாணம் தானாகச் சூடேறும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மடியும். டெட்ராசைக்ளின் போன்ற மருந்தின் மிச்சமும் பெரிதும் சிதையும். என்ரோஃப்ளாக்சசின் வகை மட்டும் பிடிவாதக்கார மருந்து, எளிதில் சிதையாது. அதனால்தான் தேவையின்றி அந்த ஊசியைத் தொடாதீர்கள் என்கிறேன்.

குழி 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் இருந்தால் உங்களுக்குப் போதும். ஆற்று மணலில் வெட்டாதீர்கள், கசிந்துவிடும். மேட்டில், கிணற்றை விட்டுத் தள்ளி, அடியில் களிமண் கெட்டித்து வெட்டுங்கள். கோமியத்தில் நனைந்த கூளத்தையும் சாணத்தையும் அன்றன்று ஒரு முனையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்து, தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பியதும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுங்கள். சூடேறியதா என்று பார்க்கக் கடப்பாரையை நடுவில் குத்தி, சற்று நேரம் விட்டு உருவுங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் குழி வேலை செய்கிறது. சுடவில்லை என்றால் ஈரம் மிகுந்திருக்கும் அல்லது காற்றோட்டம் குறைந்திருக்கும். ஒருமுறை புரட்டிப்போட்டு வைக்கோல் சேருங்கள். நான்கைந்து மாதத்தில் எரு தயார். ஊசி போட்ட மாட்டின் பாலையும் இந்தக் குழியிலேயே ஊற்ற வேண்டும், வாய்க்காலில் அன்று. எத்தனை நாள் என்றால், பாலை விலக்க வேண்டிய கெடு மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் அத்தனை நாள். அச்சிடப்படாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது 2012 முதல் சட்டம். கொட்டகை கழுவும் நீரை நேப்பியர் தீவனப்புல் பாத்தியில் கட்டுங்கள். வாய்க்காலுக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள்.

கீரை விஷயம் சுருக்கமாகவே போதும். சாக்கடை கலந்த நீரைப் பச்சையாக உண்ணக்கூடிய இலைமேல் பாய்ச்சாதீர்கள்; அந்த நிலத்தில் தென்னையோ தீவனப்புல்லோ வையுங்கள், கீரையைக் கிணற்று நீர் எட்டும் பாத்திக்கு மாற்றுங்கள். இலைப்புள்ளி என்று போய்க் கேட்டால் கடைக்காரர் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த 6 கிராம் பொட்டலத்தை நீட்டுவார். மனித மருந்தைப் பயிருக்குத் தெளிப்பதைப் படிப்படியாக நிறுத்தும் வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே வெளியிட்டது. அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். கால்நடைத் தீவனத்தில் கலக்க ‘வளர்ச்சிப் பொடி’ என்று எதையாவது கொடுத்தால் உறையில் மருந்தின் பெயரைப் படியுங்கள். கோலிஸ்டின் என்றிருந்தால், அதை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

இப்போது செய்ய வேண்டியது: கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழையுங்கள் அல்லது அரசு கால்நடை மருத்துவரை நேரில் பாருங்கள். காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நிற்கும் மாட்டுக்கு அவர் உடனே சிகிச்சை தொடங்குவார். அதற்கு முன் மாதிரி எடுத்துவிடச் சொல்லுங்கள். மடியைக் கழுவித் துடைத்து, முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பின், கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே வேலூர் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் சேர்க்க வேண்டும். இதுவரை போட்ட ஊசிகளின் பெயரையும் தேதியையும் உடன் எழுதிக் கொடுங்கள். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். காய்ச்சல் இல்லாமல் மடி மட்டும் வீங்கியிருக்கும் மாட்டுக்கு, அதுவரை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பூச்சு போதும்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, பாலைக் கறந்து கழுவிய மடி முழுவதும் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசுங்கள். கன்றுக்கு மருந்துப் பாலை உடனே நிறுத்தி, நோயில்லாத மாட்டின் பாலைக் கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஊட்டுங்கள். மூன்று மாடுகளுள் ஒன்றுக்கு ஆழ்ந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று முடிவு வந்தால், அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்கவும், நோய்ப்பட்ட காம்பை வற்றவிடவும் மருத்துவர் சொல்வார். ஊசிக்காக அவரோடு வாதாடாதீர்கள். சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். எருக்குழி எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.