விருச்சிகக் காற்றும் சனியின் வளையமும்

அன்புள்ள சார்,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆறு மாதம் முன்பு 130 மி.மீ. மிரர், 650 மி.மீ. குவியத்தொலைவு உள்ள மேசை டாப்சன் (கையால் தள்ளித் திருப்பும் வகை) டெலஸ்கோப் வாங்கினேன். கூடவே கண் வைத்துப் பார்க்கும் 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள், பெருக்கத்தை 2 மடங்காக்கும் பார்லோ லென்ஸ், ஃபில்டர்கள் வந்தன. நிலா அருமையாகத் தெரிகிறது. சனிதான் ஏமாற்றம். வளையம் வெறும் கோடாக நிற்கிறது, பார்லோ போட்டால் கலங்கிவிடுகிறது. மொட்டைமாடியில் காற்று வந்தால் படம் ஆடுகிறது. கடையில் 4 மி.மீ. ஐபீஸும், மிரர்களை நேர்படுத்தும் லேசர் கொலிமேட்டரும், வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுண்ட்டும் வாங்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வாங்கினேன். எதை வாங்கட்டும்? நான் மூக்குக்கண்ணாடி போடுபவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள டீச்சர்,

முதலில் சனியைப் பற்றி. வளையம் கோடாகத் தெரிவது உங்கள் கருவியின் குற்றம் இல்லை. சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29 ஆண்டு ஆகிறது. அந்தச் சுற்றில் இரண்டு முறை வளையத்தின் விளிம்பு நேராக நம்மைப் பார்க்கும். 2025 மார்ச்சில் அதுதான் நடந்தது. அந்த நவம்பரிலும் வளையம் கிட்டத்தட்ட மூடிய நிலைக்கே வந்து, அதற்குப் பிறகு விரியத் தொடங்கியது. இனி ஆண்டுக்கு ஆண்டு அகலும். 2032 வாக்கில் முழுதாக விரிந்து நிற்கும். புத்தகத்தில் போடுகிற படம் அந்த நிலையில் எடுத்தது. வகுப்பில் ஒரு தட்டை விளிம்புப் பக்கமாகத் திருப்பிக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அவர்களை இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சனியை வரைந்து வைக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கலங்குவதும் ஆடுவதும் வேறு விஷயம். அவற்றைக் காசில்லாமலே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறீர்கள். வானம் கழுவிவிட்டதுபோல் தெளிகிற அதே மாதங்களில்தான் விருச்சிகக் காற்று (விருச்சிகம் நம் கார்த்திகை) கிழக்கிலிருந்து நெருக்கிக்கொண்டு நுழைகிறது. மொட்டைமாடி அந்தக் காற்றின் நேர்வழி. போதாததற்குப் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நடுராத்திரி வரை வெப்பத்தைக் கக்கும். அந்த வெப்பக்காற்று குழாய்க்கு முன்னால் நெளியும்போது 130 மடங்கில் (10 மி.மீ. ஐபீஸோடு பார்லோ) சனி தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் தெரியும். கீழே இறங்கிவிடுங்கள். வீட்டுக்கு மேற்கே, சுவரிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, மண் தரையில் வையுங்கள். வீடே காற்றை மறைக்கும். கிழக்கு வானம் போய்விடும், ஆனால் மார்கழி, தை மாலைகளில் சனி மேற்கேதான் இறங்குகிறது. அது முப்பது பாகைக்குக் கீழே போவதற்குள் பார்த்துவிடுங்கள். அதற்குக் கீழே காற்றடுக்கு தடித்துவிடும்.

அடுத்தது அடித்தளம். பிளாஸ்டிக் மேசை, நாற்காலி எதுவும் கூடாது. ஹாலோ பிளாக் கற்களை மண்ணில் அழுத்தி அடுக்கி, மேலே முக்கால் அங்குலப் பலகை போட்டால் போதும். சரியாக நிற்கிறதா என்று பார்க்க, 10 மி.மீ. ஐபீஸில் ஒரு நட்சத்திரத்தை வைத்துக் குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் ஆட்டம் அடங்க வேண்டும். ஐந்து விநாடி ஆகிறதென்றால் அடித்தளம் தளர்வு.

கருவியை ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த மிரரை ஈரக்காற்றில் கொண்டுவந்தால் உடனே பனி படியும். சாதாரண அறையிலிருந்து எடுத்தாலும் வெளியே அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மங்கினால், குழாயின் அடியிலுள்ள பெரிய மிரர், வாய்ப்பக்கமுள்ள சின்ன மிரர் இரண்டின் நேர்கோடு விலகியிருக்கிறது என்று பொருள். உங்களுடையது போன்ற எஃப் 5 மிரர் (குவியத்தொலைவு மிரரின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு) இதில் கண்டிப்பானது, ஆட்டோவில் வைத்து ஒரு நடை கொண்டுபோனாலே கலைந்துவிடும். லேசர் வேண்டாம். மலிவான லேசர் தானே கோணலாக இருக்கும். அதைக் குழலில் வைத்துச் சுழற்றினால் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் வட்டம் போடும், அதை நம்பித் திருகினால் இருந்ததும் கெடும். நேர்கோட்டைக் கண்ணால் சரிபார்க்கும் செஷயர் ஐபீஸ் ஒன்று வாங்குங்கள், அதில் பேட்டரியும் கிடையாது, பழுதும் கிடையாது. ஐபீஸ் போடுகிற இடத்தில் அதை வைத்துப் பார்த்தால் சின்ன மிரர் வட்டமாகவும், அதற்குள் பெரிய மிரரின் மூன்று கிளிப்புகளும் தெரிய வேண்டும். ஒரு கிளிப் மறைந்தால் சின்ன மிரரின் மூன்று அலன் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்குங்கள், ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். அப்போது குழாய் படுக்கையாக இருக்கட்டும். நிமிர்த்தி வைத்துத் திருகும்போது சாவி கைநழுவினால் நேரே பெரிய மிரர்மேல் விழும். பிறகு அடிப்பக்கத் திருகுகள். பூட்டுத்திருகுகளைத் தளர்த்திவிட்டு, செஷயரின் கரும்புள்ளி பெரிய மிரரின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் உட்காரும்வரை திருப்புங்கள்.

கடைசித் தீர்ப்பு நட்சத்திரத்தினுடையது. உயரத்தில் இருக்கும் நடுத்தர வெளிச்சமுள்ள ஒன்றை 130 மடங்கில் பார்வையின் நட்டநடுவே வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். குளத்தில் கல் போட்டதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் விரியும், நடுவே சின்ன மிரரின் கருநிழல். நிழல் நடுவில் இருந்தால் எல்லாம் சரி. வட்டங்கள் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்றிருந்தால் அடித்திருகு ஒன்றை மெல்லத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முன்னைவிட மோசமானால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். வட்டங்கள் ஒழுங்காக இருந்தும் கொதிப்பதுபோல் துடித்தால் அது காற்றின் வேலை. அன்றைக்கு பார்லோவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு 65 மடங்கில் நில்லுங்கள். மங்கலாக, புழுக்கமாக, இலை அசையாமல் இருக்கும் ராத்திரிகளில் நட்சத்திரம் குறைவாகத் தெரிந்தாலும் கிரகங்கள் அசையாமல் நிற்கும். அந்த ராத்திரிகளை விட்டுவிடாதீர்கள்.

இனி வாங்குவது. 4 மி.மீ. ஐபீஸ் 162 மடங்கு தரும், அதை உங்கள் ஊர்க் காற்று எப்போதாவதுதான் தாங்கும். அதோடு 4 மி.மீ. பிளாசல் வகையில் கண்ணை லென்ஸில் ஒட்டிவைக்க வேண்டியிருக்கும், கண்ணாடியோடு நடக்காது. உங்களுக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினாலே சரியாகிவிடும். சிலிண்டர் பவர் இருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது 66 பாகை விரிவுள்ள 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று: 108 மடங்கு. அந்தப் பெருக்கத்திலும் முழுநிலா பார்வைக்குள் அடங்கும். இதுவும் செஷயரும் போதும். மீதிப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

ஈக்வடோரியல் மவுண்ட் உங்கள் ஊருக்குப் பொருந்தாது என்றே சொல்வேன். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். உங்கள் ஊரில் துருவம் அடிவானத்திலிருந்து 11 பாகைகூட இல்லை, கையை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி உயரம். அங்கே பனைமரங்கள் நிற்கும். அச்சை அவ்வளவு படுக்க வைத்தால் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும், சில சின்ன மவுண்ட்களின் திருகு அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. நீண்டநேரப் புகைப்படம் எடுப்பவர்களுக்கு அது தேவை. கண்ணால் பார்க்க டாப்சனைக் கையால் தள்ளுவதே சுகம்.

பூமி சுழல்வதால் 130 மடங்கில் கிரகம் ஒன்றரை நிமிடத்தில் பார்வையைக் கடந்து ஓடிவிடும், 65-இல் மூன்று நிமிடம் நிற்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது 10 மி.மீ. ஐபீஸையே போடுங்கள். கிரகத்தை அது நுழைகிற ஓரத்தில் வைத்துவிட்டால் ஆறு பிள்ளைகள் பார்த்த பிறகு ஒரு தள்ளு போதும். சின்னப் பிள்ளைகள் ஐபீஸைப் பிடித்துத் தொங்குவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபில்டர்களில் ஐபீஸுக்கு அடியில் திருகுகிற சூரிய ஃபில்டர் ஏதும் இருந்தால் இன்றே உடைத்துப் போட்டுவிடுங்கள். மிரர் குவிக்கும் வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனுக்குக் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சோலார் ஃபிலிம் மட்டுமே சரி.

இடவப்பாதி மழை தொடங்கியதும் ஐபீஸ்களைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு மணி வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் உப்பு உண்டு, பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது. மாதம் ஒருமுறை லென்ஸை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. அதைப் பக்கத்து ஐபீஸிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். மிரரைத் துணியால் துடைக்காதீர்கள். தூசி கொஞ்சம் இருந்தால் எதுவும் குறையாது.

உங்கள் அட்சரேகை மவுண்ட்டுக்குத் தொல்லை என்றாலும் தெற்கு வானத்துக்கு வரம். சித்திரை மாதத்தில், மாதத் தொடக்கமானால் நள்ளிரவுக்கும் கடைசியானால் பத்து மணிக்கும், சித்திரை நட்சத்திரம் நேர்தெற்கே உச்சத்துக்கு வரும். அங்கிருந்து நேர்கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். நெல்லியாம்பதி மலைகளுக்கு மேலே, அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில், புகைந்த நட்சத்திரம்போல் ஒன்று வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும். அது ஒமேகா சென்டாரி, ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்களின் திரள். 25 மி.மீ. ஐபீஸில் வட்டமாகக் கோலமாவு சிந்தியதுபோல் இருக்கும். 10 மி.மீ.க்கு மாற்றிவிட்டு, கண்ணை நேரே வைக்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். மாவு விளிம்பிலிருந்து தனித்தனிப் புள்ளிகளாக உதிரத் தொடங்கும். லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.