அக்காவின் கண், கால், விக்கல்: கனடாவின் கணக்கு மன்னார்குடிக்குப் பொருந்துமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அக்காவுக்கு 34 வயது. போன வருடம் வலது கண் திடீரென மங்கி, ஊசி போட்டதும் ஓரளவு தெளிந்தது. பொங்கலுக்கு அப்புறம் பத்து நாள் நிற்காத விக்கலும் வாந்தியும். நான்கு நாளாக இரண்டு காலும் மரத்துப்போய், சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறார். டாக்டர் ‘நியூரோமைலிடிஸ் ஆப்டிகா’வாக (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய்) இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். கனடாவில் இருக்கும் சித்தப்பா, “அது எம்.எஸ்.தான், இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது” என்கிறார் (எம்.எஸ். என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை-தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்). தெருவிலோ வயல் மருந்து, போர் தண்ணீர் என்று பேச்சு. ஊரை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அக்காவை இன்றே நரம்பியல் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் சேருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோ புதுச்சேரி ஜிப்மரோ, எது சீக்கிரம் போக முடியுமோ அது. மீதியை அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

சித்தப்பா சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. எம்.எஸ். பொதுவாக நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகக் கூடும் நோய். கனடாவில் லட்சம் பேரில் 200 பேருக்கு மேல் இருக்கிறது. மங்களூரில் எடுத்த கணக்கில் லட்சத்துக்குச் சுமார் 8 பேர்தான். வெயில், வைட்டமின் டி, பரம்பரை, இள வயது வைரஸ் தொற்று எல்லாம் சேர்ந்த விளைவு இது. நியூரோமைலிடிஸ் ஆப்டிகா அப்படி நிலநடுக்கோட்டின் தூரத்தைப் பொறுத்துக் கூடுவதில்லை. எங்குமே அரிது, பெரும்பாலும் பெண்களுக்கு வரும். எம்.எஸ். குறைவான நம் பக்கத்தில் கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து தாக்கப்பட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜப்பானில் இதே வகையை வெகுகாலம் எம்.எஸ்.ஸின் ஒரு கிளை என்றே நினைத்தார்கள். 2004-ல் ரத்தத்தில் ஒரு தனி எதிர்ப்பொருள் கண்டறியப்பட்ட பிறகுதான், அவர்களில் பலருக்கு இருந்தது வேறு நோய் என்று தெரிந்தது. அந்த எதிர்ப்பொருள் அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்குகிறது.

அந்த விக்கலைக் கவனியுங்கள். வாந்தியைத் தூண்டும் இடம் மூளைத்தண்டின் அடியில் இருக்கிறது. அங்கே இந்தப் புரதம் அதிகம். அதனால் அங்கே அழற்சி வந்தால் நாள்கணக்கில் விக்கலும் குமட்டலும் வரும், இரைப்பையில் எந்தக் கோளாறும் இருக்காது. இந்த நோயாளிகள் பலர் அல்சர் மாத்திரையிலேயே வாரங்களை இழக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். டாக்டரிடம் பொங்கல் விக்கலை மறக்காமல் சொல்லுங்கள்.

பெயர் சரியாக இருப்பது ஏன் முக்கியம் என்றால், எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை இந்த நோயை மோசமாக்கலாம். அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனையைச் செல் அடிப்படை முறையில் (cell-based assay) செய்யச் சொல்லுங்கள். பிளாஸ்மா மாற்றுக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் சிகிச்சை) முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ‘இல்லை’ என்று வந்தாலும் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். இதே மாதிரி அறிகுறி தரும் இன்னொரு நோயைக் காட்டும் மாக் (MOG) எதிர்ப்பொருளையும் கூடவே பார்ப்பது நல்லது. ஆனால் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. வழக்கமாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். போதவில்லை என்றால் பிளாஸ்மா மாற்று, அதுவும் தாமதிக்காமல். இந்த நோயில் ஒவ்வொரு தாக்குதலும் தழும்பு விட்டுப் போகும். ஆகவே நோய் உறுதியானால், கால் தேறிய பிறகும் அசாதியோபிரின், ரிடுக்சிமாப் போன்ற தடுப்பு மருந்து வருடக்கணக்கில் தொடரும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று அக்கா மாத்திரையை நிறுத்தினால் நீங்கள் விடாதீர்கள்.

சரி, ஊர் மாறுவது? வயல் மருந்தோ போர் தண்ணீரோ இதற்குக் காரணம் என்று உறுதியான சான்று எதுவும் இல்லை. தொற்றாது; குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவதும் அபூர்வம். ஊரிலேயே இருங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் குங்குமச் சிமிழை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணை மாற்றி. பாதிக்கப்பட்ட கண்ணுக்கு அந்தச் சிவப்பு வெளுத்த செங்கல் நிறமாகத் தெரியலாம். இப்போது எப்படித் தெரிகிறது என்று குறித்து வையுங்கள். சித்திரை வெயிலில் கொஞ்ச நேரம் மங்கி, நிழலுக்கு வந்ததும் தெளிந்தால் அது சூட்டின் வேலை. ஒரு நாள் முழுக்க மங்கலாகவே இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும், போன வருடம் போட்ட ஊசிச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.