அரேயை வரிசைப்படுத்த ரிகர்ஷன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடைகளின் முகவரி தரும் இணையதளம் ஒன்றை பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதி வருகிறேன். மாவட்டம், அதனுள் ஊர், அதனுள் கடைகள் என்று தகவல் முழுவதும் அடுக்கடுக்கான அரேயாக (மதிப்புகளின் தொகுப்பாக) இருக்கிறது. சாவிகளை, அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் இட்ட பெயர்களை, வரிசைப்படுத்தும் கே-சார்ட் (ksort) கொடுத்தால் மாவட்டங்கள் மட்டுமே வரிசைக்கு வருகின்றன என்பதால், தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ரிகர்சிவ் ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் இப்போதும் மாவட்டங்கள்தான் வரிசையாகின்றன, உள்ளே இருப்பவை அப்படியே கிடக்கின்றன. தவறு எங்கே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் அணுகுமுறை சரியானதே. கே-சார்ட் தன்னிடம் தரப்பட்ட அரேயின் மேலடுக்கை மட்டுமே தொடும். உள்ளே இறங்குவது நம் பொறுப்பு. ஃபங்ஷன் முதலில் தன் அடுக்கின் சாவிகளை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து, அது அரேயாக இருந்தால் அதைக் கொண்டு தன்னையே அழைக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

பிஹெச்பியில் ஒரு அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பினால் போய்ச் சேருவது அதன் நகல்தான். மூலத்தையே மாற்ற வேண்டுமானால் ஃபங்ஷனின் அளவுருவுக்கு (அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் மாறிக்கு) முன்னால் ஆம்பர்சண்ட் (&) குறி இட வேண்டும். மாவட்டங்களாவது வரிசைக்கு வருவதால், நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பெரும்பாலும் விடுபட்டிருப்பது இன்னொரு இடம்: அரேயின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஃபார்-ஈச் (foreach), ஒவ்வொரு மதிப்பையும் நகலெடுத்தே மாறிக்குள் வைக்கிறது. அந்த நகலை உங்கள் ஃபங்ஷன் ஒழுங்காக வரிசைப்படுத்துகிறது, அடுத்த சுற்றில் அது தூக்கி எறியப்படுகிறது. பிஹெச்பியின் பார்வையில் இதில் பிழை எதுவும் இல்லை, எனவே அது வாய் திறப்பதில்லை. ஃபார்-ஈச் வரியிலுள்ள மதிப்பு மாறிக்கு முன்னாலும் ஆம்பர்சண்ட் இடுங்கள். அதே சுற்றை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால், முடிந்ததும் அந்த மாறியை அன்செட் (unset) கொடுத்து நீக்கிவிடுங்கள். அதே பெயரை அடுத்த சுற்றிலும் பயன்படுத்தினால் அரேயின் கடைசி உறுப்பு அழிந்துபோகும்.

எல்லா அடுக்குகளிலும் தானே இறங்கும் அர்ரே-வாக்-ரிகர்சிவ் (array_walk_recursive) இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது நுனியில் உள்ள மதிப்புகளை மட்டுமே நம் கையில் தருகிறது. அரேயைத் தாங்கி நிற்கும் சாவிகளைத் தருவதில்லை என்பதால் இந்த வேலைக்கு உதவாது.

கடைகளின் பட்டியலுக்கு 0, 1, 2 என்றுதான் சாவிகள் இருக்குமென்றால் கே-சார்ட்டால் அங்கே பயன் இல்லை, அவை ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கின்றன. அந்த அடுக்கில், நாம் தரும் ஒப்பீட்டின்படி மதிப்புகளை அடுக்கும் யூ-சார்ட்டை (usort) வைத்துக் கடையின் பெயரை ஒப்பிட வேண்டும். வெறும் பட்டியலா, பெயர் சாவிகள் கொண்டதா என்பதை பிஹெச்பி 8.1 முதல் அர்ரே-இஸ்-லிஸ்ட் (array_is_list) சொல்லிவிடும். மறந்தும் எல்லா அடுக்கிலும் வெறும் சார்ட் கொடுத்துவிடாதீர்கள். அது பழைய சாவிகளைக் களைந்து எண்களை இட்டுவிடுவதால், கடையின் விவரங்களில் எது தொலைபேசி எண், எது அஞ்சல் குறியீடு என்பதே தெரியாமல் போகும்.

ஊர்ப் பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. கே-சார்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் அட்டவணை தரும் எண்ணைப் பார்த்தே ஒப்பிடுகிறது, அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. ஆகவே மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்துவிடும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய் அல்லவா? பிஹெச்பியின் இன்டில் (intl) நீட்சியில் உள்ள, மொழிக்கேற்ப எழுத்துகளை ஒப்பிடும் கொலேட்டரைத் (Collator) தமிழுக்கு அமைத்து, அதன் ஒப்பீட்டை, நாம் தரும் ஒப்பீட்டின்படி சாவிகளை அடுக்கும் யூ-கே-சார்ட்டிடம் (uksort) கொடுத்தால் இந்த ஊர்கள் உரிய இடத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: கல்லூரியில் படித்த குவிக் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையை ஜாவாஸ்கிரிப்ட்டில் ரிகர்ஷன் வைத்து எழுதினேன். கலைந்து கிடக்கும் 20,000 எண்களை நொடியில் அடுக்குகிறது; ஏற்கெனவே வரிசையில் இருக்கும் 20,000 எண்களைக் கொடுத்தால் ஸ்டாக் (முடியாத அழைப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகம்) அளவு மீறிவிட்டது என்று நின்றுவிடுகிறது. இது எப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதல் உறுப்பையே பிவட்டாக, அதாவது மற்றவற்றைச் சிறியவை, பெரியவை என்று பிரிக்கும் உறுப்பாக, எடுத்திருப்பீர்கள். வரிசையாக உள்ள அரேயில் முதல் உறுப்பே மிகச் சிறியது, ஆகவே ஒரு பக்கம் ஒன்றுமில்லாமலும் மறுபக்கம் 19,999 உறுப்புகளுடனும் பிரிகிறது. அடுத்த அழைப்பில் 19,998, அதற்கடுத்து 19,997 என்று, ஒன்று முடியும் முன்பே மற்றொன்றாக ஏறத்தாழ 20,000 அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஸ்டாக் அதைத் தாங்குவதில்லை. தாங்கினாலும் ஒப்பீடுகள் 20 கோடியை நெருங்கும். பிவட்டை நடுவிலிருந்தோ குருட்டாம்போக்கிலோ எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஜான் வான் நியூமன் 1945-இல் வகுத்த மெர்ஜ் சார்ட் என்ற முறையில் இந்தக் கவலையே இல்லை. எப்போதும் சரிபாதியாகப் பிரிப்பதால், 20,000 உறுப்புகளுக்கு அழைப்பின் ஆழம் 15-ஐத் தாண்டாது.

ஆனால் இவையெல்லாம் பயிற்சிக்கும் வேலைக்கான நேர்காணலுக்கும்தான். இணையதளத்தில் அரேக்குரிய சார்ட்டையே பயன்படுத்துங்கள். குரோம் 2018-இல், 70-ஆம் பதிப்பில், தன் பழைய குவிக் சார்ட்டைக் கைவிட்டு டிம்சார்ட் என்ற முறைக்கு மாறியது. ஏற்கெனவே வரிசையில் உள்ள தகவலைக் கண்டுகொண்டு விரைவாக முடிப்பது அதன் சிறப்பு. ஒப்பீட்டு ஃபங்ஷனைத் தர மட்டும் மறக்க வேண்டாம். தராவிட்டால் எண்களையும் எழுத்துகளாகக் கருதி 1, 10, 2, 9 என்று அடுக்கிவிடும்.

கேள்வி: வெளியிலிருந்து வரும் ஜேசான் (JSON) வடிவத் தகவலில் ரிகர்சிவ் ஃபங்ஷனை ஓட்டினால் முடிவே இல்லாமல் சுற்ற வாய்ப்புண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. ஜேசான் என்பது வெறும் எழுத்துத் தொடர்; அதனுள் ஒன்று தன்னையே சுட்டிக்கொள்ள வழியில்லை, எனவே அடுக்குகளுக்கு ஓர் அடிமட்டம் நிச்சயம் உண்டு. அந்த அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஜேசானை அரேயாக மாற்றித் தரும் பிஹெச்பியின் ஜேசான்-டீகோட் (json_decode), வேறு எண் தராதவரை, 512 அடுக்குகளுக்கு மேல் போனால் நல் (null, வெறுமை) என்று திருப்பிவிடும். அதைச் சரிபார்த்த பிறகே உங்கள் ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள்.