சொசைட்டி ஹாலில் வங்காளப் படம்: ஏஜென்டுக்கு 32,000 ரூபாய் கொடுக்கலாமா?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய குடியிருப்பில் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கிற மாதிரி, குடும்பத்தைப் பற்றிய வங்காளப் படங்கள் நான்கை நான்கு சனிக்கிழமைகளில் டிக்கெட் இல்லாமல் போட நினைக்கிறார். மகாநகர், மேகே டாக்கா தாரா, ஏக் தின் பிரதிதின், உனிஷே ஏப்ரல். தர்மதலாவில் ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லும் ஒருவர், படத்துக்கு 8,000 வீதம் 32,000 ரூபாய் கொடுத்தால் "ஆல் ரைட்ஸ்" (எல்லா உரிமையும் உண்டு என்ற) கடிதமும் தமிழ் சப்டைட்டிலோடு பென் டிரைவும் தருவதாகச் சொல்கிறாராம். வாசகியின் கணவரோ, இலவசமாகப் போடுவதற்கு எதற்கு அனுமதி என்கிறார். யார் சொல்வது சரி, எந்தப் படத்தில் தொடங்கலாம் என்பது கேள்வி.

அம்மா, முதலில் அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை. காசு வாங்காத சங்கம் நாடகம் போடலாம், பாட்டுப் பாடலாம், அதற்குச் சட்டத்தில் சலுகை உண்டு. சினிமாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடையில் வாங்கிய டிஸ்க்கும், மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற ஓடிடி-யும் வீட்டில் பார்ப்பதற்குத்தான். ஹாலில் அறுபது பேரை உட்கார வைத்தால் அது வீடு இல்லை.

ஆனால் நாலு படமும் ஒரே கணக்கு இல்லை. இந்தியாவில் ஒரு படத்தின் காப்பிரைட், அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. மேகே டாக்கா தாரா 1960-ல் வந்தது, 2020 டிசம்பரோடு முடிந்தது. மகாநகர் 1963, அது 2023 டிசம்பரோடு முடிந்தது. ஆக, இந்த இரண்டு படத்துக்கும் "பட உரிமை" என்று 16,000 கேட்கிறவர், தன்னிடம் இல்லாத ஒன்றை உங்களுக்கு விற்கப் பார்க்கிறார். ஏக் தின் பிரதிதின் 1979, உனிஷே ஏப்ரல் தொண்ணூறுகளில் வந்தது. இரண்டுக்கும் உரிமை உயிரோடு இருக்கிறது, அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். படத்தின் காலம் முடிந்தாலும் அதற்குள் இருக்கும் கதை, திரைக்கதை, இசை ஆகியவற்றின் காலம் முடிந்திருக்காது. அவற்றுக்கு எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. மகாநகரின் கதை நரேந்திரநாத் மித்ராவுடையது, அவர் இறந்தது 1975-ல், அதனால் 2035 கடைசி வரை அவருடைய வாரிசுகளுக்கு உரிமை உண்டு. மேகே டாக்கா தாரா நாவலை எழுதிய சக்திபத ராஜகுரு 2014-ல்தான் காலமானார், அப்படியென்றால் 2074. சரி, தாகூர் கதை என்றால் பிரச்சினை இல்லையே, சாருலதா போடலாமே என்று கேட்பீர்கள். தாகூரின் எழுத்து 2001-லேயே பொதுவுக்கு வந்துவிட்டது (அவருக்காகத்தான் 1992-ல் 50 ஆண்டை 60 ஆக்கினார்கள்), ஆனால் அந்தப் படத்தின் திரைக்கதையும் இசையும் சத்யஜித் ராயுடையவை, அவர் மறைந்தது 1992, அதனால் அவற்றின் உரிமை இன்னும் முடியவில்லை. திரைக்கதை வேறு, படம் வேறு என்பது ஏதோ ஏட்டுச் சங்கதி இல்லை. ராயின் நாயக் படத்தை நாவலாக்கிய வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம், திரைக்கதை உரிமை தயாரிப்பாளருக்கு இல்லை, ராய்க்குத்தான் என்று சொன்னது. அதனால் பழைய படத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள், கதையாசிரியரின் பதிப்பகம் வழியாக வாரிசுகளுக்கு. எனக்குத் தெரிந்து இலவசத் திரையிடலுக்கு இல்லை என்றவர்கள் குறைவு.

யாருக்கு எழுதுவது என்பதுதான் தலைவலி. காப்பிரைட்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை, அதனால் இந்தப் படம் இன்று யார் கையில் என்று புரட்டிப் பார்க்க முழுமையான பதிவேடும் இல்லை. தயாரிப்பாளர் போய்விட்டார், கம்பெனி மூடிவிட்டது, பிள்ளைகள் மூன்று திசையில். நான் ஒரு அரசு அலுவலகத்துக்கு ஒரே படத்துக்காக நாலு கடிதம் போட்டு, ஏழு மாதம் கழித்து "உரியவரை அணுகவும்" என்று ஒரு வரி பதில் வாங்கினேன். உரியவர் யார் என்பதுதானே என் கேள்வியே! இந்த ஓட்டைக்குள்தான் ஏஜென்டுகள் புகுந்துகொள்கிறார்கள். நம் படங்களைப் பாதுகாக்கக் காட்டுகிற அக்கறையில் கால் பங்கை, அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி சொல்வதில் காட்டியிருந்தால் இவர்களுக்குப் பிழைப்பே இருக்காது.

அந்த ஏஜென்ட் கடிதம் நீட்டினால் இரண்டு கேளுங்கள். தயாரிப்பாளர் கையெழுத்திட்டு உரிமையை மாற்றிக் கொடுத்த மூலப் பத்திரம் எங்கே? அதில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறது? எழுதவில்லை என்றால் சட்டப்படி ஐந்தே ஆண்டு. 1998-ல் போட்ட, காலம் குறிப்பிடாத பத்திரத்தை இன்றைக்கும் காட்டிக் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பென் டிரைவ். பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்கள் குள்ளமாகவும் அகலமாகவும் தெரிந்தால், சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறார்கள். மூலையில் டிவி சேனல் முத்திரை இருந்தால் சொல்லவே வேண்டாம், நானே ஒரு முறை பணம் கொடுத்து அப்படி ஒன்றை வாங்கி வந்து, ஹால் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தலைகுனிந்திருக்கிறேன். மேகே டாக்கா தாராவில் சத்தத்தைக் கவனியுங்கள். தான் காத்திருந்தவனின் அறையில் வேறொரு பெண் இருப்பது தெரிந்து கதாநாயகி நீதா மாடிப்படி இறங்கும்போது, சாட்டை வீசுகிற ஒலி ஒன்று வரும். படத்தில் சாட்டையே கிடையாது, அடி அவள் மேல் விழுகிறது என்பது காதுக்கு மட்டும் தெரியும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மழுங்கடித்த பிரதியில் அந்த இடம் செத்துக் கிடக்கும்.

சப்டைட்டிலில் இன்னும் மோசம். வங்காளத்தில் ஆப்னி, துமி, துயி என்று மூன்று படி உண்டு, நம் நீங்கள், நீ மாதிரி, இன்னும் ஒரு படி கூட. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல். இவர்கள் ஆங்கில சப்டைட்டிலைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்குகிறார்கள், மருமகள் மாமனாரை "நீ" என்று கூப்பிடுகிறாள். குடும்பப் படத்தில் உறவின் இழுபறி முழுக்க அந்த ஒரு எழுத்தில் இருக்கும்போது, மிச்சம் என்ன இருக்கிறது? உங்கள் பிள்ளைகளுக்கு வங்காளம் தாய்மொழி மாதிரி வருமே, அவர்களையே கேட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்காகப் பேத்தி எழுதினால் "நீ" எங்கே, "நீங்கள்" எங்கே என்று தவறவே தவறாது.

முதல் சனிக்கிழமை மகாநகர் போடுங்கள். ஆரத்தி வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கிறாள், முதல் சம்பளத்தின் புது நோட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். வீட்டுக்கு வந்து மாமனாரிடம் பணம் கொடுத்தால், ஓய்வு பெற்ற அந்த ஆசிரியர் வாங்க மாட்டேன் என்கிறார். பிறகு மூக்குக் கண்ணாடிக்காகத் தன் பழைய மாணவனான டாக்டரிடம் போய் உட்காருகிறார். மருமகள் பணம் வேண்டாம், மாணவனின் தயவு பரவாயில்லை. அந்த இடத்தில் உங்கள் ஹாலில் இருக்கும் பெரியவர்கள் முகத்தைப் பாருங்கள். இங்கே கெட்டவர் யாருமே இல்லை, அதனால் பேச்சு தானாக வரும்.

மேகே டாக்கா தாராவை எடுத்தவுடன் போட வேண்டாம், கனம் அதிகம். இரண்டாவது வாரம் போடும்போது, "அவள் ஒரு தொடர்கதை" படம் பார்த்த பெரியவர்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள், மூலம் இதுதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மற்ற இரண்டையும் அனுமதி வந்த பிறகு அறிவியுங்கள். வராவிட்டால் இரண்டே சனிக்கிழமை நடத்துங்கள், போதும். ஏக் தின் பிரதிதின் கிடைத்தால் பதின்ம வயதுப் பெண்களை அவசியம் உட்கார வையுங்கள். சம்பாதிக்கும் ஒரே மகள் ஒரு ராத்திரி வீடு திரும்பவில்லை, அவ்வளவுதான் கதை, எங்கே இருந்தாள் என்று கடைசி வரை சொல்ல மாட்டார் இயக்குநர் மிருணாள் சென்.

அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் இல்லை, எந்தப் பிரதி என்ற ஐந்தையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் சொசைட்டி கோப்பில் வையுங்கள். ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்புக்குக் கொல்கத்தாவிலேயே கிழக்கு மண்டல அலுவலகம் இருக்கிறது. முகவரி கிடைக்காவிட்டால் அங்கே நேரில் போய்க் கேளுங்கள், போனில் கேட்டால் வேலை நடக்காது.