இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனின் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது. கையெழுத்து வகுப்பில் சேர்க்கலாமா?

சேர்ப்பதற்கு முன் அவன் கையைப் பாருங்கள். பென்சில் பிடிக்கும்போது நகம் வெளுக்கிறதா? அரைப் பக்கத்திலேயே "கை வலிக்குது" என்கிறானா? சட்டை பட்டனுக்கு உங்களைக் கூப்பிடுகிறானா? அப்படியென்றால் விரலில் இன்னும் பலம் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என் மகளுக்கு இதேதான். ஏழு வயதில் அவள் அழுத்தி எழுதுவது அடுத்த இரண்டு பக்கத்திலும் தடமாக விழும். "வீட்ல எழுத வைக்கிறதே இல்லையா மேடம்?" என்று டீச்சர் என்னைக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைக்கு எது வரவில்லை என்றாலும் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். மார்க் வாங்கினால் மட்டும் அப்பா மாதிரி. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயந்துபோய் தினம் நான்கு பக்கம் எழுத வைத்தேன். அது என் தப்பு. அழுதாளே தவிர எழுத்து மாறவில்லை.

பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தருபவரிடம், போனோம். அவர் பென்சிலையே எடுக்கவில்லை. உள்ளங்கையில் ஐந்து பொத்தானை வைத்து, அடுத்த கை படாமல் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து உண்டியலில் போடச் சொன்னார். இரண்டாவதிலேயே எல்லாம் கொட்டிவிட்டது. எனக்குச் சட்டென்று பல்லாங்குழி ஞாபகம் வந்தது. முத்துகளை சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடக்கிக்கொள்ள, கட்டைவிரல் ஒன்றை மட்டும் தள்ளிக் குழியில் விடும். எழுதும்போதும் அந்த இரண்டு விரல் மடங்கி நின்றால்தான் மற்ற மூன்றும் பென்சிலை லாகவமாக நகர்த்தும். சொன்னதும், "அதையே ஆடுங்க" என்றார்.

அம்மா ஊரிலிருந்து பலகையைக் கொடுத்தனுப்பினார். 14 குழி, புளியங்கொட்டை, தினம் ராத்திரி ஓர் ஆட்டம். கூடவே வேர்க்கடலை உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, காயும் துணிக்கு கிளிப் போடுவது. நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலை, யூனிஃபார்ம் பட்டனைக் கழுத்து வரை தானே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எழுத்து கோட்டில் உட்கார்ந்தது அதற்கும் பிறகுதான்.

"பல்லாங்குழி என்ன மருந்தா?" என்று யாராவது வருவீர்கள். மருந்து என்று நான் சொல்லவில்லை. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு டெவலப்மென்டல் கோ-ஆர்டினேஷன் டிஸார்டர், அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம், இருக்கிறது. எழுத்தோடு சாப்பிடுவது, ஓடுவது, பந்து பிடிப்பது எல்லாவற்றிலும் தடுமாறினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் மணிக்கட்டின் 8 எலும்பில் கடைசியானது குருத்தெலும்பிலிருந்து எலும்பாக மாறத் தொடங்கவே ஒன்பது பத்து வயதாகும்போது, எல்.கே.ஜி.யிலேயே கர்சிவ் எழுதச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஆடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள்.